தாரணியின் லேப்டாப்

மே 8, வியாழன்

வக்கீல் செல்வநாயகி சொன்னதால் இதை எழுதத் தொடங்குகிறேன். "நடக்கறதை எல்லாம் தேதி போட்டு எழுதி வைங்க பூபதி. ஞாபகத்துல இருக்கும்னு விட்டுராதீங்க. கோர்ட்டுல தேதி கேப்பாங்க" என்றார். பேப்பர் கம்பெனிக்காரர் ஜனவரியில் கொடுத்த டைரி கடையில் பிரிண்டருக்கு அடியில் முட்டுக் கொடுத்துக் கிடந்தது. அதைத் துடைத்து எடுத்துக்கொண்டேன்.

என் தங்கை தாரணி திங்கட்கிழமை காலை சேலத்திலிருந்து உடுமலைக்கு வந்துவிட்டாள். கூடவே அவள் மகள் தன்ஷிகா, ஏழு வயது. ஒரு தோள்பை, ஒரு லேப்டாப், குழந்தையின் தண்ணீர் பாட்டில். வேறொன்றும் இல்லை. தினகரன் மாப்பிள்ளை காலை நடைக்குப் போகும் நாற்பது நிமிஷத்துக்குள் கிளம்பியிருக்கிறாள்.

"அடிப்பாராம்மா?" என்று வக்கீல் கேட்டார்.

"அடிக்கறது கம்மிங்க. பார்த்துட்டே இருப்பாருங்க" என்றாள் தாரணி.

யாருக்கு போன் போட்டாள், ஸ்கூலில் யாரோடு சாப்பிட்டாள், எந்தக் கடையில் எத்தனை நிமிஷம் நின்றாள், எல்லாம் அவருக்குத் தெரிந்திருக்கும். ஏப்ரலில் கூட வேலை பார்க்கும் டீச்சர் வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்குப் போய்விட்டு அரைமணி நேரம் தாமதமாக வந்திருக்கிறாள். இரண்டு நாள் படுக்கையறையில் வைத்து வெளியே பூட்டிவிட்டார். குழந்தையிடம் அம்மாவுக்கு அம்மை போட்டிருக்கிறது, கிட்டே போகக்கூடாது என்று சொல்லியிருக்கிறார். தாரணியின் இடது மணிக்கட்டு முழுசாகத் திரும்பாது. பாத்ரூமில் விழுந்ததாகத்தான் எங்களுக்குச் சொன்னார்கள்.

தினகரன் ஒரு தனியார் கல்லூரியில் கம்ப்யூட்டர் லேப் பொறுப்பாளர். குரலை உயர்த்தி அவர் பேசி நான் கேட்டதில்லை. திங்கட்கிழமையே போன் செய்தார். "வந்துட்டாளா மச்சான்? நல்லபடியா வந்து சேர்ந்தாச் சரி. நாலு நாள் ரெஸ்ட் எடுக்கட்டும்" என்றார். அவ்வளவுதான்.

எங்கள் வீட்டில் இருப்பது அவருக்குத் தெரியும். அதை மறைக்க முடியாது. மறைக்க வேண்டியது அடுத்து அவள் போகப்போகும் இடம். அவர் அவளை நெருங்கக்கூடாது என்று கோர்ட்டில் பாதுகாப்பு உத்தரவு கிடைக்க ஒன்றிரண்டு மாதம் ஆகலாம் என்கிறார் வக்கீல். ஜூனில் பள்ளிக்கூடம் திறப்பதற்குள் தூரமாக ஒரு ஊரில், தங்க இடத்தோடு கணக்கு டீச்சர் வேலை தேடிக்கொண்டு போய்விட வேண்டும்.

2022-லும் ஒருமுறை வந்திருந்தாள். அப்போது சூழ்நிலை வேறு. அது இந்த வழக்குக்குச் சம்பந்தமில்லாதது.

மே 9, வெள்ளி

பதினேழு வருஷமாகத் தளி ரோட்டில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். தங்கைக்கு நான் செய்யக்கூடிய உதவி என் தொழிலிலேயே இருக்கிறது.

தாரணியின் லேப்டாப்பை முழுசாக அழித்து எல்லாவற்றையும் புதிதாகப் போட்டேன். தினகரன் உள்ளே ஏதாவது உளவு வேலை வைத்திருந்தால் அது இன்றோடு ஒழிந்தது. பிறகு பிரவுசரைத் திறந்து அவள் மெயிலையும் பாஸ்வேர்டையும் போட்டேன். பழையதை எல்லாம் கொண்டுவரட்டுமா என்று கேட்டது. ஆமாம் கொடுத்தேன். அவள் சேர்த்து வைத்திருந்த பக்கங்கள், பாட நோட்ஸ், சர்ட்டிபிகேட் ஸ்கேன், குழந்தை பிறந்ததிலிருந்து எடுத்த போட்டோக்கள், எல்லாம் பழைய இடத்தில் வந்து உட்கார்ந்தன.

"எல்லாம் போயிருச்சுன்னே நெனச்சேண்ணா" என்று சிரித்தாள். வந்த பிறகு இன்றுதான் சிரித்தாள்.

பாஸ்வேர்டை மாற்ற வேண்டாமா என்று கேட்டாள். அந்த மெயிலைக் கல்யாணமான புதிதில் திறந்து கொடுத்ததே தினகரன்தான். மாற்றினால் தகவல் அவர் நம்பருக்குத்தான் போகும். இந்த நேரத்தில் அவரைச் சீண்ட வேண்டாம் என்றேன்.

"பாஸ்வேர்டு அவருக்குத் தெரியுமா?"

"நான் சொன்னதில்லண்ணா."

அப்புறம் என்ன. அதற்கு மேல் ஐந்து எக்ஸ்டென்ஷன் போட்டேன். பிரவுசரோடு ஒட்டிக்கொண்டு வேலை செய்யும் சின்னச் சின்ன புரோகிராம்கள் அவை. ஒன்று விளம்பரத்தை நிறுத்தும். ஒன்று நாம் எந்தப் பக்கம் போனாலும் பின்னாலேயே வந்து வேவு பார்ப்பதைத் தடுக்கும். ஒன்று வெளியே வந்ததும் குக்கீ என்கிற தடயத்தை அழித்துவிடும். மேலே வலது மூலையில் ஐந்தும் வரிசையாக நின்றதைப் பார்க்கவே திருப்தியாக இருந்தது.

"இனி யாரும் உன்னைப் பார்க்க முடியாது" என்றேன் தாரணியிடம்.

மே 11, ஞாயிறு

தண்ணீர்த் தொட்டி கழுவினோம். தன்ஷிகாவுக்குத் தலை நிறையப் பேன். என் மனைவி சாந்தாமணி அரைநாள் உட்கார்ந்து வாரினாள். தாரணி நீலகிரியிலும் தென்மாவட்டங்களிலும் இருக்கிற பள்ளிக்கூடங்களைத் தேடிக்கொண்டிருக்கிறாள். கோத்தகிரியில் ஒரு பள்ளி. கணக்கு டீச்சர், தங்க குவார்ட்டர்ஸ், குழந்தைக்கு அங்கேயே படிப்பு. விண்ணப்பம் அனுப்பினாள். பள்ளிகளுக்குக் கொடுப்பது சாந்தாமணி பெயரில் வாங்கிய புது நம்பர்.

மே 13, செவ்வாய்

கோத்தகிரியிலிருந்து பதில். வெள்ளிக்கிழமை நேர்காணல். சாந்தாமணி தன் பச்சைச் சேலையை எடுத்துத் தேய்த்து வைத்தாள்.

மே 15, வியாழன்

மத்தியானம் பள்ளியிலிருந்து போன். வேலைக்கு ஆள் எடுத்துவிட்டோம், வர வேண்டாம் என்று. தாரணி "சரிங்க, சரிங்க" என்றே சொல்லிக்கொண்டிருந்தாள். வைக்கும் நேரத்தில் அந்தப் பக்கத்துப் பெண் குரலைத் தாழ்த்திப் பேசியிருக்கிறார்.

"தப்பா எடுத்துக்காதீங்க டீச்சர். உங்க வீட்டுக்காரர் போன் பண்ணினார். நீங்க மனநோய்க்கு மருந்து சாப்பிடறீங்க, மருந்த நிறுத்திட்டுக் குழந்தையத் தூக்கிட்டு வந்துட்டீங்கன்னு சொன்னார். பாவம், அழுதுட்டாருங்க."

தாரணி போனை மேஜைமேல் வைத்தாள். தன்ஷிகா வந்து தோசை கேட்டாள். ஊற்றிக் கொடுத்தாள்.

கோத்தகிரி என்று வீட்டுக்கு வெளியே யாரிடமும் நாங்கள் சொல்லவில்லை.

மே 16, வெள்ளி

கல்லூரி விண்ணப்பக் கூட்டம் கடையில் நெரிகிறது. இடையிடையே இணையத்தில் நடக்கும் வேவு பற்றித்தான் படித்தேன். ஒரு பக்கத்தில் தேடியதை இன்னொரு பக்கம் தெரிந்துகொள்கிறது, அதை யாருக்கோ விற்கிறார்கள். தினகரன் லேப் ஆள், அப்படி ஏதோ வழியில் பிடித்திருப்பார். தனி ஜன்னல் என்று ஒன்று இருக்கிறது, அதில் தேடினால் எதுவும் பதிவாகாது என்று தாரணி யாரிடமோ கேள்விப்பட்டிருக்கிறாள். அதில் போகட்டுமா என்று கேட்டாள். வேண்டவே வேண்டாம் என்றேன். அந்த ஜன்னலில் நான் போட்ட எக்ஸ்டென்ஷன்கள் வேலை செய்யாது. திறந்த வீடு மாதிரி.

இன்னும் இரண்டு சேர்த்தேன். இப்போது ஏழு.

மே 17, சனி

ஏழாவதைப் போடும்போது வந்த வாசகத்தை நிறுத்திப் படித்தேன். 'நீங்கள் பார்க்கும் எல்லாத் தளங்களிலும் உள்ள எல்லாத் தகவலையும் படிக்கவும் மாற்றவும் அனுமதி.' ஏழு தடவையும் இதற்குத்தான் சரி கொடுத்திருக்கிறேன். ஒரு தடவையும் படித்ததில்லை. கோயம்புத்தூரில் பார்ட்ஸ் கடை வைத்திருக்கும் யூசுப் பாயைக் கூப்பிட்டேன்.

"அதுல நல்லது எது கெட்டது எதுன்னு நமக்கு எங்க தெரியும் பூபதி? ஒருத்தன் நல்லதா எழுதுவான். கூட்டம் சேர்ந்ததும் இன்னொருத்தனுக்கு வித்துட்டுப் போயிருவான். வாங்குனவன் உள்ள இருந்தே வேவு பார்ப்பான். பேரு அதே பேருதான்."

சாயங்காலம் இரண்டை எடுத்துவிட்டு வேறு இரண்டு போட்டேன். எதை நம்பி எடுத்தேன், எதை நம்பிப் போட்டேன்? போட்டதற்கு ஜனங்கள் கொடுத்த நட்சத்திர மதிப்பெண் அதிகமாக இருந்தது.

மே 19, திங்கள்

லேப்டாப் மேலேயே சந்தேகம் வந்து, தாரணியைக் கடைக்கு அழைத்துவந்து ஓரத்து சிஸ்டத்தில் உட்காரவைத்தேன். புத்தம் புதிய மெஷின். தினகரன் கண்ணால்கூடப் பார்த்திராதது. அவள் மெயிலைப் போட்டதும் லேப்டாப்பில் நான் போட்டிருந்த ஏழு எக்ஸ்டென்ஷனும் தானாக வந்து இறங்கின. திரும்ப ஒவ்வொன்றாகப் போட வேண்டிய வேலை மிச்சம்.

காரைக்குடியில் ஒரு பெண்கள் பள்ளியில் இடம் இருக்கிறது. போனிலேயே நேர்காணல் முடிந்தது. வெள்ளிக்கிழமை நேரில் வந்து சேரச் சொல்லிவிட்டார்கள். இந்தத் தடவை தாரணி சாந்தாமணியிடம்கூட ஊர்ப் பெயரைச் சொல்லவில்லை. என்னிடம் மட்டும் சொன்னாள். வியாழக்கிழமைக்கு பஸ் டிக்கெட்டை இணையத்திலேயே எடுத்தாள்.

மே 21, புதன்

காலை கடை திறந்ததும் தினகரனிடமிருந்து என் போனுக்கு ஒரு மெசேஜ்.

'காரைக்குடில இப்ப வெயில் ஜாஸ்தி மச்சான். குழந்தைய எதுக்கு அலைய வைக்கணும்?'

மே 22, வியாழன்

அந்தப் பள்ளியும் இல்லையென்றாகிவிட்டது. டிக்கெட்டை ரத்து செய்தோம். எட்டாவது எக்ஸ்டென்ஷன் போட்டேன். நீலக் கலர் ஐகான்.

தாரணி சாயங்காலம் கேட்டாள். "அவர் இங்கயேதான் எங்கயோ இருக்காராண்ணா?" கட்டிலுக்கு அடியில் பார்ப்பவள் போல அறையைச் சுற்றிப் பார்த்தாள்.

மே 23, வெள்ளி

இதை எழுத வேண்டுமா என்று யோசித்தேன். தேதி போட்டு எல்லாம் எழுதச் சொல்லியிருக்கிறார் வக்கீல்.

சாந்தாமணியிடம் கேட்டேன். நேரடியாகவே கேட்டுவிட்டேன். மாப்பிள்ளையிடம் பேசுகிறாயா, உன் அக்கா வீட்டில் ஏதாவது சொன்னாயா என்று. கையிலிருந்த கரண்டியை வைத்துவிட்டு என்னையே பார்த்தாள்.

"ஊர்ப் பேரே எனக்குச் சொல்லலையே. நான் எங்கீங்க போய்ச் சொல்றது?"

"ஒட்டுக் கேட்டிருக்கலாமல்ல?"

அதைச் சொல்லியிருக்கக் கூடாது.

"ரெண்டாயிரத்து இருபத்திரண்டுல கையில கட்டோட அந்தப் புள்ள வந்து நின்னுச்சே, அப்ப மூணாம் நாளே காரெடுத்துட்டுப் போய் சேலத்துல விட்டுட்டு வந்தது யாருங்க? நானா? அவர் போட்ட பிரியாணியத் தின்னுட்டு வந்து, மாப்பிள்ளை தங்கமான மனுஷன்னு சொன்னது யாரு? நானா காட்டிக் கொடுக்கறேன்?"

கதவுக்கு அந்தப் பக்கம் தாரணி இருந்தாள். கேட்டிருக்கும்.

அப்போது எனக்கு விவரம் தெரியாது. பாத்ரூமில் விழுந்ததாகத்தான் சொன்னார்கள். அவளும் அப்படித்தான் சொன்னாள். காரில் திரும்பிப் போகும்போது தாராபுரம் தாண்டியதும் "இன்னும் ரெண்டு நாள் இருந்துட்டுப் போகட்டுமாண்ணா?" என்று கேட்டாள். இவ்வளவு தூரம் வந்துவிட்டோமே என்றேன்.

மே 26, திங்கள்

வக்கீலோடு காவல் நிலையம் போனோம். அந்த மெசேஜைக் காட்டினேன். அதிகாரி இரண்டு தடவை படித்தார்.

"வெயில் ஜாஸ்தின்னு சொல்லியிருக்கார். இதுல என்னங்க மிரட்டல் இருக்கு?"

"அவருக்கு எப்படித் தெரிஞ்சதுங்கறதுதான் கேள்வி" என்றார் வக்கீல்.

"நீங்களே சொல்லியிருப்பீங்க. குடும்பத்துக்குள்ள எது நிக்கும்?"

மனுவை வாங்கி வைத்துக்கொண்டார். ரசீது கொடுத்தார். வெளியே வந்ததும் தன்ஷிகாவுக்கு நுங்கு வாங்கிக் கொடுத்தேன். கையெல்லாம் ஒழுகவிட்டுக்கொண்டு தின்றாள்.

மே 28, புதன்

தினகரன் வந்தார்.

மத்தியானம் மூன்று மணி. நான் சாப்பிட வீட்டுக்கு வந்திருந்தேன். காரின் பின்னாலிருந்து தன்ஷிகாவின் சைக்கிளை இறக்கி, டயருக்குக் காற்று இருக்கிறதா என்று அழுத்திப் பார்த்துவிட்டு உள்ளே வந்தார். தாரணி அறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டாள். தாழ் விழும் சத்தம் எல்லோருக்கும் கேட்டது. அவர் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

"நல்லா இருக்கீங்களா மச்சான்? கடையில சீசன் நேரமல்ல" என்றார். சாந்தாமணி கொடுத்த மோரை வாங்கிக் குடித்தார். குழந்தையை மடியில் வைத்துத் தலையைத் தடவி, "பேன் போயிருச்சா கண்ணு?" என்று கேட்டார்.

பேன் விஷயம் அவருக்கு எப்படித் தெரியும்? தாரணி பேன் மருந்தைப் பற்றி இணையத்தில் தேடியிருந்தாள்.

கிளம்பும்போது வாசலில் நின்று செருப்பைப் போட்டுக்கொண்டே சொன்னார். சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"தாரணி லேப்டாப்ப நல்லாத்தான் செட் பண்ணியிருக்கீங்க மச்சான். ஆனா எட்டு எக்ஸ்டென்ஷன் ஜாஸ்தி. அந்தக் குக்கீ அழிக்கறதும், கடைசியா போட்டீங்களே நீலக் கலர், அதுவும் ஒன்னுக்கொன்னு ஒத்துப்போகாது. மெஷின் இழுக்கும். ஒன்ன எடுத்துருங்க."

என் தோளைத் தட்டிவிட்டுப் போனார். கேட்டைச் சாத்திவிட்டுத்தான் போனார்.

லேப்டாப்பை எடுத்துக்கொண்டு கடைக்கு ஓடினேன். எட்டு என்று அவருக்கு யார் சொன்னது? எந்த வேவுக்காரனும் என் எக்ஸ்டென்ஷன்களை எண்ணி அவருக்குச் சொல்லப் போவதில்லை. ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உட்கார்ந்து, அவள் மெயிலின் உள்ளே போய், எந்தெந்த மெஷினில் இந்தக் கணக்கு திறந்திருக்கிறது என்ற பட்டியலை எடுத்தேன். இதைத்தான் முதல் நாளே பார்த்திருக்க வேண்டும். கடைக்கு வருகிற யாருக்கும் முதலில் இதைத்தான் பார்த்துக் கொடுப்பேன்.

மூன்று வரி. ஒன்று தாரணியின் லேப்டாப். ஒன்று கடையின் ஓரத்து சிஸ்டம். மூன்றாவது 'தினா பிசி, சேலம்.' பக்கத்தில் பச்சைப் புள்ளி. இப்போது பயன்பாட்டில்.

அவர் வீட்டு மேஜையில் இருக்கும் கம்ப்யூட்டர். பல வருஷமாக அவள் மெயில் அதில் திறந்தபடியே இருக்கிறது. அவருக்குப் பாஸ்வேர்டே தேவைப்பட்டிருக்கவில்லை. பழையதை எல்லாம் கொண்டுவரட்டுமா என்று கேட்டபோது ஆமாம் கொடுத்தேனே, அது ஒருவழிப் பாதை இல்லை. இங்கே அவள் தேடியது, எழுதிய மெயில், எடுத்த டிக்கெட் எல்லாம் அதே நிமிஷத்தில் அங்கே போயிருக்கிறது. நான் போட்ட எக்ஸ்டென்ஷன்களும் ஒவ்வொன்றாக அவர் மெஷினில் போய் இறங்கியிருக்கின்றன. அவர் வீட்டிலும் விளம்பரம் நின்றுபோயிருக்கும்.

எட்டும் ஊர் பேர் தெரியாதவர்களைத் தடுக்கத்தான். உள்ளேயே உட்கார்ந்திருப்பவரை அவை என்ன செய்யும்? தனி ஜன்னலில் தேடியிருந்தால், தேடியதாவது அங்கே போயிருக்காது. அதையும் வேண்டாமென்று தடுத்தேன்.

மே 29, வியாழன்

அந்த மூன்றாவது வரியை நீக்கக் கொடுத்தேன். நீங்கள்தானா என்று உறுதி செய்ய ஒரு எண் அனுப்புகிறோம் என்றது. எண் போனது அவர் நம்பருக்கு.

பாஸ்வேர்டை மாற்றிப் பார்த்தேன். அதற்கும் எண். அவர் நம்பருக்கு.

மூன்றாவது தடவை முயன்றபோது கணக்கே மூடிக்கொண்டது. பாஸ்வேர்டு இரண்டு நிமிஷத்துக்கு முன்பு மாற்றப்பட்டது என்று வந்தது. நான் மாற்றவில்லை.

மெயில் கம்பெனியிடம் புகார் சொல்ல ஓர் இடம் இருக்கிறதா என்று தேடினேன். இருக்கிறது. ஒரு படிவம். 'கணக்கு உங்களுடையதுதான் என்பதற்கு, முன்பு கொடுத்த தொலைபேசி எண்ணுக்கு வரும் குறியீட்டைத் தரவும்.'

மே 30, வெள்ளி

கடை. கூட்டம். ஒரு பெண்ணின் விண்ணப்பத்தில் பிறந்த தேதியைத் தப்பாக அடித்துவிட்டேன். அவள் அப்பா சத்தம் போட்டார். நியாயம்தான்.

தாரணியிடம் இன்னும் சொல்லவில்லை. லேப்டாப் ரிப்பேர் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

ஜூன் 1, ஞாயிறு

சொல்லிவிட்டேன்.

அவள் சமையலறையில் தரையில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். எதிரில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். யார் மெஷின் மூன்றாவது வரியில் இருந்தது, யார் அதற்கு ஆமாம் கொடுத்தது, எல்லாம். பாஸ்வேர்டை மாற்றலாமா என்று அவள் கேட்டதும் நான் வேண்டாமென்றதும் நினைவிருக்கிறதா என்றும் கேட்டேன். அவள் கீரை உருவுவதை நிறுத்தவில்லை.

"தன்ஷி போட்டோ?"

"எல்லாம் அதுலதான் இருந்துச்சு."

"பொறந்த அன்னிக்கு எடுத்தது?"

"ம்."

அந்தக் கொத்தை உருவி முடித்துவிட்டு, "என் சர்ட்டிபிகேட் எல்லாம் கையில இருக்கு. அது போதும்" என்றாள். அப்புறம் என்னை நிமிர்ந்து பார்த்தாள். கோபமே இல்லை. அதுதான் தாங்கவில்லை.

"நீங்க நல்லதுக்குத்தாண்ணா செஞ்சீங்க. அன்னிக்குக் காருல கூட்டிட்டுப் போனதும் நல்லதுக்குத்தான் செஞ்சீங்க."

காம்புகளைக் கூட்டி எடுத்துக்கொண்டு எழுந்து போனாள்.

ஜூன் 3, செவ்வாய்

நேற்று எல்லாப் பள்ளிக்கூடமும் திறந்தாயிற்று. தெருப் பிள்ளைகள் யூனிபார்மில் போவதைத் தன்ஷிகா கேட்டில் நின்று பார்த்தாள். சைக்கிளை அவள் தொடவில்லை. யாரும் சொல்லவில்லை, அவளாகவே தொடவில்லை.

தாரணி இரண்டு நாளாக வக்கீல் வீட்டுக்குப் போய் வருகிறாள். போனை இங்கேயே வைத்துவிட்டுப் போகிறாள். கூட வரட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்றாள்.

ஜூன் 5, வியாழன்

புது மெயில், புது பாஸ்வேர்டு, எதையும் பழையதோடு சேர்க்காமல் நானே அமைத்துத் தருகிறேன் என்றேன். இந்தத் தடவை சரியாகச் செய்வேன் என்றேன்.

"வேண்டாண்ணா. வக்கீல் அம்மா பார்த்துக்கறாங்க."

வக்கீல் அம்மாவுக்குத் தன் போனில் எழுத்தைப் பெரிதாக்கக்கூடத் தெரியாது. நான்தான் செய்து கொடுத்தேன்.

அவள் சொன்னது சரிதான். பிரவுசரைச் சுத்தம் பண்ணிவிட்டால் மட்டும் என்ன? குழந்தையின் பள்ளிப் பதிவு, ஆதார், பேங்க், கேஸ் இணைப்பு, அவள் போகிற ஊருக்கெல்லாம் அவள் பெயரும் கூடவே போகத்தான் செய்யும். அதற்கெல்லாம் வலது மூலையில் ஒட்டவைக்க ஐகான் எதுவும் இல்லை.

ஜூன் 8, ஞாயிறு

தாரணி போய்விட்டாள்.

காலை பத்து மணிக்கு என்னைக் கடைக்குப் போகச் சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை என்றேன். "போங்கண்ணா. மத்தியானம் வரைக்கும் வராதீங்க" என்றாள். சாந்தாமணியையும் பக்கத்து வீட்டுக்கு அனுப்பியிருக்கிறாள். எந்த பஸ், எந்தப் பக்கம், யார் வந்து கூட்டிப்போனார்கள், எதுவும் எங்களுக்குத் தெரியாது. வக்கீலிடம் கேட்டேன். "நீங்க தெரிஞ்சுக்க வேண்டாம் பூபதி" என்றார், கொஞ்சம் தன்மையாகவே.

நான் கடைக்குக் கிளம்பும் முன் கேட்டில் நின்று ஒன்று கேட்டாள்.

"அந்த டைரில என்னண்ணா எழுதறீங்க?"

"நடந்ததெல்லாம்."

"இனிமே என்னப் பத்தி எழுதறதுக்கு ஒன்னும் இருக்காது" என்றாள். லேசாகச் சிரித்த மாதிரி இருந்தது. தன்ஷிகா என் கையைப் பிடித்து, "நாங்க எங்க போறோம் மாமா?" என்று கேட்டாள். அவளிடமும் சொல்லவில்லை.

திரும்பி வந்தபோது பாய் சுருட்டி ஓரமாக வைத்திருந்தது. பச்சைச் சேலையை மடித்துக் கட்டில்மேல் வைத்திருந்தாள். லேப்டாப்பை எடுத்துப் போகவில்லை.

ஜூன் 12, வியாழன்

ஒன்றுமில்லை.

ஜூன் 15, ஞாயிறு

சாந்தாமணி இன்னும் என்னோடு சரியாகப் பேசுவதில்லை. சோறு போடுகிறாள்.

வழக்கு அடுத்த மாதம் பதினான்காம் தேதிக்கு. தாரணி பத்திரமாக இருக்கிறாளா என்று வக்கீலிடம் கேட்டேன். "இருப்பாங்க" என்றார். இருக்கிறாள் என்று சொல்லவில்லை.

ஜூன் 21, சனி

தினகரன் இன்று கடைக்கு வந்தார். பதினொரு மணி இருக்கும். வாடிக்கையாளர் நாற்காலியில் உட்கார்ந்தார். சட்டை கசங்கியிருந்தது. அவரை அப்படி நான் பார்த்ததில்லை.

"எங்க மச்சான்?"

"தெரியாது."

"சும்மா சொல்லாதீங்க."

"எனக்குத் தெரியாது மாப்பிள்ளை. சொல்லிட்டுப் போகல."

என் முகத்தையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். முதல் தடவையாக அவருக்குத் தெரியாத ஒன்று இருந்தது. அது எனக்கும் தெரியாது. நம்பிவிட்டார் என்றுதான் நினைத்தேன். ஆனால் எழுந்து போகவில்லை.

அங்கேயே உட்கார்ந்திருந்தார். ஒருவர் வருமானச் சான்றுக்கு வந்தார், ஒரு பெண் பாஸ்போர்ட் போட்டோவுக்கு வந்தாள். நான் அடிப்பதை எல்லாம் என் திரையில் பார்த்துக்கொண்டே இருந்தார். வெளியே போகச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. என்னிடம் தெரிந்துகொள்ள ஒன்றுமே இல்லை என்று தெரிந்தும் ஒரே பெயரை மூன்று தடவை தப்பாக அடித்து அழித்தேன். ஒருவர் நம்மை இப்படிப் பார்த்துக்கொண்டே இருந்தால் எப்படி இருக்கும் என்று இன்றுதான் தெரிந்துகொண்டேன். அவள் ஒன்பது வருஷம் இருந்திருக்கிறாள்.

பன்னிரண்டே முக்காலுக்கு மேஜையில் இருந்த என் போன் அடித்தது. பெயர் இல்லாத நம்பர்.

இரண்டு பேரும் போனைப் பார்த்தோம். விழுந்தடித்துக் கவிழ்த்து வைத்தேன். நம்பரை நான் பார்க்கவில்லை. அவர் பார்த்தாரா தெரியாது.

"எடுங்க மச்சான்" என்றார், மெதுவாக.

"கஸ்டமர். அப்புறம் பேசிக்கறேன்."

அடித்து நின்றது. மறுபடி அடித்தது. கையைப் போன்மேல் வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டேன். உள்ளங்கையில் அதிர்ந்துகொண்டே இருந்தது. எடுக்கவில்லை. மூன்றாவது தடவையும் அடித்தது. அதன் பிறகு அடிக்கவில்லை.

அவர் இரண்டு மணிக்குத்தான் போனார். அவர் கார் திரும்பியதும் போனை எடுத்தேன். திரையைப் பார்க்காமல் அழிக்கத் தெரியாது. நானும் தெரிந்துகொள்ள வேண்டாம் என்று விரலால் நம்பரை மறைத்துக்கொண்டு அழித்தேன்.

தாரணியாக இருக்கலாம். குழந்தைக்கு உடம்பு சரியில்லாமல் இருக்கலாம். அல்லது யாராவது சான்றிதழ் கேட்டுக் கூப்பிட்டிருக்கலாம்.

ஜூன் 29, ஞாயிறு

அதற்குப் பிறகு அப்படி ஒரு போன் வரவில்லை.